லண்டன் பூங்காக்கள்: எந்த வாசல், எந்த நேரம்?

கேள்வி இது: "மே மாதக் கடைசி வாரம் 6 நாள் லண்டனில் இருப்போம். 70 வயதைத் தொட்ட அம்மா அப்பாவும் 8 வயது மகளும் கூட வருகிறார்கள். அருங்காட்சியகங்களைவிடப் பூங்காக்களும் தோட்டங்களும் பார்க்கத்தான் ஆசை. எங்கெல்லாம் போகலாம், எப்படிப் போக வேண்டும்?"

லண்டனில் எந்தப் பூங்காவுக்குப் போகிறோம் என்பது பாதி விஷயம்தான். எந்த வாசல் வழியாக, எந்த நேரத்துக்கு உள்ளே நுழைகிறோம் என்பது மீதிப் பாதி. பயணம் கெடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியில்தான். ரிச்மண்ட் பூங்கா மட்டுமே 2,500 ஏக்கர். தப்பான வாசலில் இறங்கிவிட்டால், பார்க்க வந்த தோட்டத்துக்குள் கால் வைப்பதற்கு முன்பே வயதானவர்களின் ஒரு நாள் தெம்பு தீர்ந்துவிடும். கிரீனிச்சில் ஒரு வாசல் செங்குத்து மேட்டின் அடியில் இருக்கிறது, இன்னொன்று அதே மேட்டின் தலையில் சமதளமாக இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் தேதியைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். ஏப்ரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும் பூக்களுக்கு ஒரு பொற்காலம்: மரத்தடியெல்லாம் நீலப் பாய் விரித்ததுபோல் புளூபெல், ரிச்மண்டில் அசேலியா, வீட்டுச் சுவர்களில் விஸ்டீரியா. ஜூன் முதல் இரண்டு வாரங்கள் ரோஜாவுக்கு. நீங்கள் சொல்லும் மே கடைசி வாரம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. போதாததற்கு அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் பருவ இடைவேளை வாரம் என்பதால் குழந்தைகள் விளையாடும் இடங்கள் நிரம்பி வழியும். தேதியை மாற்ற முடியாது என்றாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. இலையெல்லாம் புதுப்பச்சையாக இருக்கும், பொழுது சாய இரவு 9 மணி ஆகும், பகல் வெப்பம் 17, 18 டிகிரியில் நிற்கும். நடக்க இதைவிட நல்ல காலம் கிடையாது. பகல் இப்படி இருந்தாலும் காலையிலும் இரவிலும் குளிரும் என்பதால் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். அடிப்பக்கம் பிளாஸ்டிக் வைத்த விரிப்பு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் புல் காய்ந்ததுபோல் தெரியும், உட்கார்ந்த 5 நிமிடத்தில் ஈரம் துணிக்கு ஏறிவிடும்.

நகரத்தின் பெரிய பூங்காக்களில் எட்டு, "ராயல் பார்க்ஸ்" என்ற ஒரே நிர்வாகத்தின் கீழ் வருகின்றன: ஹைட், கென்சிங்டன் கார்டன்ஸ், கிரீன், செயின்ட் ஜேம்ஸ், ரீஜென்ட்ஸ், கிரீனிச், ரிச்மண்ட், புஷி. எட்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. முதல் நான்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதால் முதல் நாளை அவற்றுக்கே வைத்துவிடலாம்.

அன்று காலை 11 மணி வாக்கில் லங்காஸ்டர் கேட் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வாசலில் தொடங்குங்கள். நுழைந்ததும் இத்தாலியத் தோட்டத்தின் நீரூற்றுகள். அங்கிருந்து நீளக் குளத்தின் கரையோடு தெற்கே நடந்தால், தலைக்கு மேல் கீச்சுக் கீச்சென்று பச்சைக் கிளிகள் பறக்கும். கூண்டிலிருந்து தப்பியும் திறந்துவிடப்பட்டும் லண்டனில் பெருகிவிட்ட இவை, கழுத்தில் செந்நிற வளையம் போட்ட நம்மூர்க் கிளி இனமேதான். ஆப்பிள் துண்டு நீட்டினால் கையில் வந்து உட்காரும் என்று பலர் காட்டுவார்கள். பறவைகளுக்கோ அணில்களுக்கோ தீனி போட வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது. அணில் கடிக்கும் என்பதையும் மகளிடம் சொல்லி வையுங்கள்.

பாலத்தைத் தாண்டினால் ஹைட் பூங்கா. அங்கே இருக்கும் சர்ப்பென்டைன் என்ற ஏரி இயற்கையானதல்ல. வெஸ்ட்போர்ன் என்ற சிற்றாற்றை அணைகட்டி நிறுத்தி, 1730 வாக்கில் அரசி கரோலின் உருவாக்கியது. அதன் தென்கரையில் டயானா நினைவு நீரூற்று. நீரூற்று என்றதும் மேலே பீய்ச்சியடிப்பதைத் தேட வேண்டாம். 545 கிரானைட் துண்டுகளைப் பொருத்தி நீள்வட்டமாகக் கட்டிய வாய்க்கால் அது. மேட்டில் ஊறும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் சலனமில்லாமலும் மறுபக்கம் படிகளில் குதித்துச் சுழன்றும் இறங்கி, கீழே ஒரு குளத்தில் சேர்கிறது. விளிம்பில் உட்கார்ந்து காலை நனைக்கலாம். கல்லின் மேல் நடக்க மட்டும் விடாதீர்கள்: 2004-ல் திறந்த சில வாரங்களிலேயே ஆட்கள் வழுக்கி விழுந்ததால் அதை மூடிச் சரிசெய்ய வேண்டி வந்தது. ஒரு துண்டும் மாற்றுக் காலுறையும் பையில் இருந்தால் குழந்தைக்கு அன்றைய நாள் அங்கேயே நிறைந்துவிடும்.

அங்கிருந்து ரோஜாத் தோட்டம் வழியாக ஹைட் பார்க் கார்னர், சாலை கடந்து கிரீன் பூங்கா, பிறகு பக்கிங்ஹாம் அரண்மனை முகப்பு, கடைசியாகச் செயின்ட் ஜேம்ஸ் பூங்கா. மொத்தம் 4.5 கிலோமீட்டர் வரும். 11 மணிக்குத் தொடங்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அரண்மனைக் காவல் மாற்றும் சடங்குக்குக் கூடும் கூட்டம் நீங்கள் போய்ச் சேரும்போது கலைந்திருக்கும். அதோடு, செயின்ட் ஜேம்ஸ் ஏரியில் கூழைக்கடாக்களுக்கு மீன் போடுவது தினமும் பிற்பகல் 2.30-க்கும் 3 மணிக்கும் இடையில், ஏரியின் கிழக்குக் கோடியில் உள்ள டக் தீவுக் குடிலுக்குப் பக்கத்தில். 1664-ல் ரஷ்யத் தூதர் இரண்டாம் சார்லஸ் மன்னருக்குப் பரிசாகக் கொடுத்ததிலிருந்து இந்தப் பறவைகள் அங்கே இருந்துவருகின்றன. இவை கால் நீட்டிப் படுத்திருக்கும் பாறையை ஏரிப் பாலத்துக்குக் கிழக்கே பார்க்கலாம். பாலத்தின் நடுவில் நின்று மேற்கே திரும்பினால் அரண்மனை, கிழக்கே திரும்பினால் குதிரைப்படை முற்றத்தின் கோபுரங்கள்.

இந்த வழியில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: புல்வெளியில் பச்சையும் வெள்ளையும் கோடு போட்ட துணி நாற்காலிகளை விரித்து வைத்திருப்பார்கள். சும்மா கிடக்கிறது என்று உட்கார்ந்தால் கட்டணம் கேட்டு ஆள் வருவார். மரப் பெஞ்சுகள்தான் இலவசம். கழிப்பறைகள் பெரும்பாலும் காபிக் கடைகளை ஒட்டியே இருக்கும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நல்ல தூரம். ஆகவே கடை கண்ணில் படும்போதெல்லாம் பெரியவர்களைக் கேட்டுவிடுங்கள்.

பாதையெங்கும் படை வீரர் சீருடைபோல் பழுப்பும் சாம்பலும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டான பட்டையோடு பெரிய மரங்களைப் பார்ப்பீர்கள். லண்டன் பிளேன் மரம். இதன் பட்டை தகடு தகடாக உரிந்து விழும். கரிப்புகை சூழ்ந்த காலத்தில் படிந்த கரியையும் சேர்த்து உதிர்த்துவிட்டுப் பிழைத்ததால்தான் நகரமெங்கும் இதை நட்டார்கள். பெர்க்லி சதுக்கத்தில் 1789-ல் நட்டவை இன்னும் நிற்கின்றன. அதன் இன்னொரு குணம் உங்களுக்கு முக்கியம்: ஏப்ரல், மே மாதங்களில் பழைய காய்கள் உடைந்து, நுண்ணிய முடிபோன்ற இழைகள் காற்றில் பறக்கும். தொண்டை கரகரக்கும், கண் உறுத்தும். பெற்றோரில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலரை அறையில் விட்டுவிட்டு வராதீர்கள். காற்றடிக்கும் நாளில் இந்த மரத்தடியில் சாப்பாட்டை விரிக்கவும் வேண்டாம்.

ஒரு முழு நாள் கியூ (Kew) தோட்டத்துக்கு. இது பூங்கா அல்ல, தாவரவியல் தோட்டம். 1759-ல் தொடங்கியது, 2003-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கட்டணம் உண்டு, அதுவும் கணிசமாக. இணையத்தில் முன்பதிவு செய்தால் வாசலில் வாங்குவதைவிடக் குறையும். போகும் வழியில் ஒரு பொறி இருக்கிறது: லண்டன் சுரங்க ரயிலான டியூபின் டிஸ்ட்ரிக்ட் தடத்தின் மேற்குப் பக்கம் மூன்றாகப் பிரிகிறது. ரயிலின் நெற்றியில் "ரிச்மண்ட்" என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். "ஈலிங் பிராட்வே" என்று இருந்தால் டர்ன்ஹம் கிரீனில் இறங்கி மாறலாம். "விம்பிள்டன்" ரயிலில் ஏறிவிட்டால் ஏர்ல்ஸ் கோர்ட்டிலேயே இறங்கிவிட வேண்டும். கியூ கார்டன்ஸ் நிலையத்திலிருந்து விக்டோரியா வாசல் 5 நிமிட நடை.

அந்த வாசலில் நுழைந்தால் பாம் ஹவுஸ் கைக்கெட்டும் தூரம். 1844-லிருந்து 1848 வரை இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டிய மாளிகை அது. பெரிய புதுப்பிப்புப் பணிக்குத் திட்டம் இருப்பதால், திறந்திருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன் கியூவின் தளத்தில் பார்த்துவிடுங்கள். உள்ளே வெக்கையும் ஈரமும் சென்னையின் ஆகஸ்ட் மாதம்போல இருக்கும். குளிரிலிருந்து நேராக உள்ளே போனால் மூக்குக்கண்ணாடியும் கேமரா லென்ஸும் ஒரு நொடியில் மூடுபனி பிடித்துவிடும். துடைத்தால் போகாது, திரும்பத் திரும்பப் பிடிக்கும். கேமராவைப் பைக்குள் வைத்து மூடி, பையோடு உள்ளே கொண்டுபோய், 10, 15 நிமிடம் அந்தச் சூட்டுக்குப் பழகவிட்டு எடுங்கள். சுழல் படியேறினால் மரங்களின் தலைகளை மேலிருந்து பார்க்கும் நடைமேடை இருக்கிறது. மூட்டு வலி உள்ளவர்கள் கீழேயே சுற்றலாம், ஒன்றும் குறையாது.

கீழே தெற்குக் கோடியில் ஒரு செடியைத் தேடிப் பாருங்கள். ஈச்சமரம் மாதிரி ஓலை, ஆனால் அடிமரம் நிமிர்ந்து நிற்க முடியாமல் சாய்ந்து, முட்டுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரான்சிஸ் மேசன் கொண்டுவந்து 1775-ல் இங்கே சேர்த்த சைக்கட் அது. 250 ஆண்டாகத் தொட்டியில் வளர்கிறது. உலகின் மிகப் பழைய தொட்டிச் செடி என்று அதைத்தான் சொல்கிறார்கள். பூக்களுக்குப் பதில் கூம்பு விடும் இனம். 1819-ல் அது கூம்பு விட்டபோது, முதுமையிலிருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் அதைப் பார்க்கவே வந்தார்.

அதே கூரையின் கீழ் ரப்பர் மரமும் நிற்கிறது. 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 விதைகளைக் கியூவில்தான் முளைக்கப் போட்டார்கள். பிழைத்து வந்தவை 3,000-க்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறி இலங்கைக்குப் போனது. அங்கிருந்து மலாயாவுக்கும் பரவித் தோட்டங்களாக விரிந்தது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டப் போனவர்கள் நம் மக்கள். நீலகிரியின் கதையும் இங்கே தொடங்குவதுதான்: ஊட்டி தாவரவியல் பூங்காவை அமைக்க 1848-ல் வந்த வில்லியம் மெக்ஐவர் கியூவில் பயின்ற தோட்டக்காரர். 1860-களில் நீலகிரியில் மலேரியா மருந்துக்கான சின்கோனா மரம் வளர்த்தவரும் அவரே. இதைத் தெரிந்துகொண்டு அந்த மரத்தின் முன்னால் நின்றால், அது வெறும் வெளிநாட்டுச் செடியாகத் தெரியாது.

பாம் ஹவுஸுக்குப் பிறகு பக்கத்திலேயே இருக்கும் சின்ன அல்லி வீடு, வடக்கே வேல்ஸ் இளவரசி கண்ணாடி மனை (10 வகைத் தட்பவெப்பம், கள்ளியிலிருந்து பூச்சியுண்ணும் செடிவரை), பிறகு தெற்கே திரும்பி மரவுச்சி நடைபாதை, டெம்பரேட் ஹவுஸ் என்ற பெரிய கண்ணாடி மனை, கடைசியாகப் பத்து அடுக்குச் சீனக் கோபுரம். நடைபாதை 18 மீட்டர் உயரம், 200 மீட்டர் நீளம். அதன் தளம் துளைபோட்ட இரும்பு. காலடியில் தரை தெரியும், காற்றில் மெல்ல அசையும். உயரப் பயம் உள்ளவர்கள் கீழிருந்தே பார்க்கட்டும். லிஃப்ட் இயங்குகிறதா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி வாசலில் இலவசமாகக் கிடைக்கும். அன்றாடம் நடப்பவராக இருந்தாலும் 70 வயதில் கியூவுக்கு ஒன்று வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை. மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்ப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடலாம், அடுப்பு மூட்டத்தான் தடை.

இப்படி வடக்கிலிருந்து தெற்காகச் சுற்றினால், கோபுரத்தருகே இருக்கும் லயன் வாசலில் வெளியேறலாம், வந்த வழியே ஒரு கிலோமீட்டர் திரும்பி நடக்க வேண்டாம். அந்த வாசல் எத்தனை மணிக்கு மூடும் என்று மட்டும் நுழையும்போதே கேட்டுவிடுங்கள். வெளியே கியூ சாலையில் 65-ஆம் எண் பஸ் ஏறினால் நேரே ரிச்மண்ட்.

ரிச்மண்ட் பூங்காவை அன்றே சேர்த்துக்கொள்ள வேண்டாம், இன்னொரு நாள் காலைக்கு வையுங்கள். 1637-ல் முதலாம் சார்லஸ் மதில் கட்டி வளைத்த மான் காடு இது. இன்றும் 600-க்கு மேல் மான்கள் திரிகின்றன. ரிச்மண்ட் நிலையத்திலிருந்து 65-ல் போனால் பீட்டர்ஷாம் பக்கம் மேட்டின் அடிவாரத்தில் இறக்கிவிடும், ஏறித்தான் ஆக வேண்டும். 371-ல் போனால் மேட்டின் மேலேயே, ரிச்மண்ட் வாசலருகே இறங்கலாம். அங்கிருந்து சமதளமாகவே நடந்து பெம்புரோக் லாட்ஜுக்குப் போய்விடலாம். உணவகம், கழிப்பறை, தேம்ஸ் பள்ளத்தாக்கைப் பார்த்த மொட்டைமாடி எல்லாம் அங்கே. அதன் தோட்டத்துக்குள் ஹென்றி மன்னர் மேடு என்றொரு சிறு குன்று இருக்கிறது. உச்சியில் ஒரு தொலைநோக்கி. அது பார்க்கும் திசையில் அடர்ந்த ஹாலி வேலியில் சாவித்துவாரம்போல ஓர் இடைவெளியை வெட்டியே வைத்திருக்கிறார்கள். அதில் கண்ணை வைத்தால் 16 கிலோமீட்டருக்கு அப்பால் செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம் மட்டும் தெரியும். இந்தப் பார்வைக்கோட்டை மறைத்துக் கட்டடம் எழக் கூடாது என்று நகரத் திட்ட விதியே இருக்கிறது.

மான்களிடமிருந்து குறைந்தது 50 மீட்டர் விலகி நில்லுங்கள். மே முதல் ஜூலைவரை குட்டி போடும் காலம். தாய் மான் குட்டியைப் புதருக்குள் மறைத்துவிட்டுப் போகும், தனியாகக் கிடக்கும் குட்டியை அநாதை என்று எண்ணித் தொட்டால் தாய் பாய்ந்து வரும். உயரமான புல்லிலும் பெரணிப் புதரிலும் உண்ணி இருக்கும், அது லைம் நோயைக் கொண்டுவரக்கூடும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகி, பாதையை விட்டு இறங்காமல் நடந்து, அறைக்குத் திரும்பியதும் மகளின் முழங்கால் மடிப்பையும் தலைமுடி ஓரத்தையும் பாருங்கள். பாதையோரம் நிற்கும் நெட்டில் செடி நம் காஞ்சொறிபோலக் கடிக்கும். அசேலியாவுக்குப் பேர்பெற்ற இசபெல்லா தோட்டம் இந்த லாட்ஜிலிருந்து வெகுதூரம். உங்கள் தேதிக்கு அதன் உச்சமும் முடிந்திருக்கும் என்பதால் அதை விட்டுவிடலாம். போயே தீர வேண்டும் என்றால் கிங்ஸ்டன் பக்கமிருந்து டாக்சியில் பிரூம்ஃபீல்ட் ஹில் வண்டி நிறுத்தம்வரை போங்கள்.

கிரீனிச்சுக்கு எல்லோரும் கட்டி சார்க் நிலையத்தில் இறங்கி மேட்டை ஏறுவார்கள். நீங்கள் 53-ஆம் எண் பஸ்ஸில் பிளாக்ஹீத் வாசலுக்குப் போய், மர வரிசை நடுவே சமதளமாக வானாய்வகம்வரை நடந்து, பிறகு இறக்கத்தில் ஆற்றுக்குப் போங்கள். திரும்பும்போது படகு. 0 டிகிரி தீர்க்கரேகைக் கோட்டில் நின்று படம் எடுக்க வானாய்வக முற்றத்துக்குக் கட்டணம். வெளிச்சுவரிலும் அதே கோட்டை ஒரு தகடு பதித்துக் குறித்திருக்கிறார்கள், அதற்குக் காசு இல்லை. வாசலருகே சுவரில் பதிந்திருக்கும் 1852-ஆம் ஆண்டுக் கடிகாரத்தை மகளுக்குக் காட்டுங்கள். அதில் 24 எண்கள், உச்சியில் 0, அடியில் 12. நண்பகலில் சின்ன முள் கீழே தொங்கும். அது கோடை நேரத்துக்கு மாறுவதே இல்லை, ஆகவே மே மாதத்தில் உங்கள் கைக்கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியே காட்டும். மேலே கோபுரத்தில் சிவப்புப் பந்து 12.55-க்குப் பாதி ஏறி, 12.58-க்கு உச்சி தொட்டு, சரியாக 1 மணிக்கு விழும். 1833 முதல் தேம்ஸில் நின்ற கப்பல்கள் இதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்தன.

ரீஜென்ட்ஸ் பூங்காவின் மேரி அரசி தோட்டத்தில் சுமார் 12,000 ரோஜாச் செடிகள். உங்கள் கடைசி நாட்களில் முதல் மொட்டுகள் விரிய ஆரம்பித்திருக்கும், ஆகவே அதைப் பயணத்தின் முடிவுக்குத் தள்ளுங்கள். ஹாலந்து பூங்காவின் கியோட்டோ தோட்டத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மயில் உண்டு, கட்டணம் இல்லை. ஸ்கை கார்டனுக்கு இலவச முன்பதிவு மூன்று வாரம் முன்னால் திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். அது உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கும் இடம், தோட்டமாக எண்ணிப் போனால் ஏமாற்றமாக இருக்கும்.

பயணச் செலவில் இரண்டு விஷயம். 11 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பெரியவர் கூட இருந்தால் டியூபும் பஸ்ஸும் இலவசம். பெரியவர்களுக்கு ஆளுக்கொரு கான்டாக்ட்லெஸ் கார்டு வேண்டும், ஏறும் இடத்தில் கார்டைத் தட்டினால் இறங்கும் இடத்திலும் அதே கார்டையே தட்ட வேண்டும். பஸ்ஸில் மட்டும் இறங்கும்போது தட்டக் கூடாது. படியேற முடியாதவர்களுக்கு எல்லா பஸ்ஸிலும் சாய்தளம் உண்டு. டியூபில் அப்படி இல்லை. கிரீன் பார்க், வெஸ்ட்மின்ஸ்டர் நிலையங்களில் லிஃப்டிலேயே நடைமேடைக்குப் போய்விடலாம். ஹைட் பார்க் கார்னரில் முடியாது.

ஊர் திரும்பும் நாளில் அரை நாள் மிஞ்சினால் புளூம்ஸ்பரிக்குப் போங்கள். லண்டனின் சதுக்கத் தோட்டங்களில் பல பூட்டியே கிடக்கும். சுற்றியுள்ள வீட்டுக்காரர்களிடம் மட்டுமே சாவி. இங்கே இருப்பவை பகலில் எல்லோருக்கும் திறந்தவை. ரஸ்ஸல் சதுக்கத்தில் தொடங்கினால், ஓரத்திலேயே கீழைத்தேய ஆய்வுக் கல்லூரி வளாகத்தில் திருவள்ளுவர் அமர்ந்திருக்கிறார். 1996-ல் நிறுவிய சிலை. அங்கிருந்து கோர்டன் சதுக்கம், அடுத்து டேவிஸ்டாக் சதுக்கம். அதன் நடுவில் 1968-ல் வைத்த காந்தி சிலை. பீடத்தில் மாடம்போல ஒரு குழிவு விட்டுக் கட்டியிருக்கிறார்கள், வருகிறவர்கள் அதில் பூ வைத்துவிட்டுப் போவார்கள். எதிரே 1967-ல் ஹிரோஷிமாவில் மாண்டவர்களின் நினைவாக நட்ட செர்ரி மரம். ஹீத்ரோ போகப் பக்கத்து ரஸ்ஸல் சதுக்க நிலையத்தில் ஏறாதீர்கள், பெட்டிகளோடு அங்கே படி இறங்க வேண்டியிருக்கும். கிங்ஸ் கிராஸ்வரை 15 நிமிடம் நடந்தால் லிஃப்ட் உண்டு, அதே பிக்காடில்லி தடம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விமான நிலையத்தில் விட்டுவிடும்.